ஆடலும் இசையும்: ருஷிய நாட்டார் கண்ட நெறி

ஆடல் ஒரு கலை. இசை ஒரு கலை. இவ்விரண்டும் ஓரரங்கிற் கூடுமிடத்து எது தலைமை, எது துணை என்னும் வினா எழுதல் இயல்பே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயின்ற மாணவர் இவ்வினாவுக்கு இளங்கோவடிகள் காட்டிய விடையை அறிவர். மாதவியின் அரங்கேற்றத்தைக் கூறப் புகுந்த அடிகள், ஆடும் நங்கையின் திறத்தை மட்டும் உரைத்து அமைந்தாரல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்னும் அறுவர்க்கும் உரிய இலக்கணத்தை முறையே வகுத்துரைத்தார். இவருள் ஒருவர் குறையினும் அரங்கு நிரம்பாது என்பது அதனாற் பெறப்படும்.

இதே வினாவுக்கு மேனாட்டில் நெடுங்காலம் முயன்று விடை கண்டவர் ருஷிய நாட்டார். 'பாலே' எனப்படும் ஆடல் நாடகத்தில் இசையானது ஏவல் செய்யும் நிலையினின்று ஒப்பரிய துணையாக உயர்ந்த வரலாறு அவர்களுடையது. அவ்வரலாற்றை நம் மாணவர் விளங்கிக்கொள்ளுமாறு சுருக்கியுரைத்து, அது நம் தமிழ் நாட்டியத்தோடு தொடர்புற்ற இடங்களையும் காட்டி, அதனால் நாம் கொள்ளத்தக்கது யாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலேயின் இயல்பு

பாலே இத்தாலிய அரண்மனைகளிற் பிறந்து பிரான்சு தேசத்தில் வளர்ந்த கலை. பதினான்காம் லூயி மன்னர் 1661ஆம் ஆண்டில் நடனத்திற்கென ஒரு கழகம் நிறுவினார். அதனால் இன்றும் உலகெங்கும் பாலேயின் அடவுகளுக்குப் பிரெஞ்சுப் பெயர்களே வழங்குகின்றன. ருஷியாவில் அன்னா பேரரசியாரின் ஆட்சியில், 1738ஆம் ஆண்டில், பீட்டர்ஸ்பர்க் நகரில் அரசாங்க நடனப் பள்ளி தோன்றியது. ஆசிரியர் பிரெஞ்சுக்காரர், மாணவர் ருஷியச் சிறுவர் சிறுமியர்.

நம் பரதநாட்டியத்திற்கும் பாலேக்கும் உள்ள வேற்றுமையை ஈண்டு அறிதல் வேண்டும். நம்மவர் அரைமண்டியில் நின்று நிலத்தைத் தட்டி ஆடுவர். பாலே ஆடுவோர் கால்விரல் நுனியில் நின்று நிலத்தை விட்டெழுவார் போல் ஆடுவர். நம் ஆடலில் பாட்டு உண்டு. பாட்டின் சொல்லுக்கேற்பக் கையும் கண்ணும் பொருளுரைக்கும். பாலேயிலோ பெரும்பாலும் பாட்டு இல்லை. வாத்தியங்களின் ஓசை ஒன்றே உண்டு. காதல், அச்சம், சினம், பிரிவு ஆகிய எல்லாவற்றையும் சொல்லின் துணையின்றி அவ்வோசையே காண்போர் நெஞ்சிற் சேர்த்தல் வேண்டும். ஆதலின் இசையாசிரியர்மேல் விழும் சுமை மிகப் பெரிது. அச்சுமையின் பெருமையை அவர்கள் உணர்வதற்கு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

இசை ஏவல் செய்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ருஷிய அரசாங்க அரங்குகளில் 'பாலே இசையாசிரியர்' என்றொரு பதவி இருந்தது. வீயன்னா நகரத்தவரான மின்கஸ் என்பார் 1886ஆம் ஆண்டில் அப்பதவி நீக்கப்படும்வரை அதனை வகித்தார். அவர்க்கு மேலாக நின்று ஆட்டங்களை அமைத்தவர், பிரான்சிலிருந்து வந்து ருஷியாவிலேயே நிலைத்துவிட்ட பெத்திபா. இங்கே இத்தனை தாள அளவு, இன்ன விரைவு, முடிவில் ஆடுபவர் சுழன்று நிற்க ஒரு முழக்கம் என்று ஆடலாசிரியர் குறித்துக் கொடுப்பார். இசையாசிரியர் அவ்வளவில் மெட்டமைப்பார். தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பதை ஒத்தது அத்தொழில். சட்டை பொருந்தியது, எனினும் அதற்கென ஓர் உயிர் இருக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்த்திலர்.

இவ்விருவரும் கூடி ஆக்கியவற்றுள் நமக்கு உரிமையுடையது 'லா பாயதேர்' என்னும் பாலே. 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய இந்நாடகத்தின் களம் இந்திய நாடு. தலைவி நிக்கியா என்னும் கோயில் நடனமாது. 'பாயதேர்' என்பது ஆடுமகள் எனப் பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லினின்று பிரெஞ்சு மொழி கொண்ட பெயர். இப்பெயர் மேனாட்டில் வெறுங் கற்பனையாக இருந்த நாளில், 1838ஆம் ஆண்டில், கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்திலிருந்து ஐந்து நடனமாதரும் மூன்று இசைவாணரும் புதுச்சேரி வழியாகப் பாரிஸ் நகரத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பிரெஞ்சு மன்னர் முன்னிலையிலும் பொது அரங்கிலும் ஆடிய பின்னர் இலண்டனிலும் ஆடினர். அவர்களுள் அம்மணி என்பாளின் ஆடலைக் கண்டு வியந்த கவிஞர் கோத்தியே அவளைப் பற்றி எழுதினார். பார் என்னும் சிற்பி அவள் உருவத்தை வெண்கலத்தில் வார்த்தார். இக்கோத்தியே பின்னர்ச் சகுந்தலையின் கதையைப் பாலேக்கு வகுத்துக் கொடுக்க, 1858ஆம் ஆண்டில் பாரிஸில் அதனை அரங்கேற்றியவர் பெத்திபாவின் தமையனார் லூசியன். தமையனாரின் நாடகத்திற்கும் தம்பியாரின் 'லா பாயதேர்' நாடகத்திற்கும் உறவு உண்டென்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.

ஆயினும் அந்நாடகத்தின் இசையைக் கேட்பின், திருவயிந்திரபுரத்து மத்தள ஒலியோ இராகமோ அதில் ஒரு துளியும் இல்லை. வீயன்னாவின் சுழலாட்ட மெட்டுக்களே உள. வெண்ணிற ஆடையணிந்த மகளிர் இருபத்துநால்வரோ முப்பத்திருவரோ ஒருவர்பின் ஒருவராய்ச் சரிவில் இறங்கி, ஒரே அடவைத் திரும்பத் திரும்ப ஆடிவரும் காட்சி இன்றும் உலகம் போற்றுவது. அது பெத்திபாவின் ஆற்றல். இசை அங்கே அமைதியாகக் குடை பிடித்து உடன் நடக்கின்றது, அவ்வளவே. தமிழ் மகளிரின் பெயர் சென்றது. அவர்தம் இசை செல்லவில்லை.

சைக்கோவ்ஸ்கி

அதே 1877ஆம் ஆண்டில், சில வாரங்களுக்குப்பின், மாஸ்கோ நகரில் 'அன்னப் பொய்கை' அரங்கேறியது. இசையமைத்தவர் சைக்கோவ்ஸ்கி. இவர் அரங்கின் ஊழியரல்லர்; பெரும் வாத்திய இசை யாத்த புலவர். பாலேக்கு எழுதுதல் இழிதொழில் என்று பிறர் எண்ணிய காலத்தில் இவர் அதனை விரும்பி ஏற்றார். ஆனால் ஆடுவோர்க்கு அவ்விசை கடினமாயிற்று. அதிற் பல பகுதிகளை நீக்கி, வேறு பாலேக்களின் மெட்டுக்களை இடையிடையே செருகினர். ஆடலமைப்பும் இசையின் தரத்திற்கு எட்டவில்லை. சிறந்த இசை இருந்தும், ஒத்த ஆடலாசிரியர் இன்மையால் நாடகம் நிலைபெறாது போயிற்று.

ஒத்தவர் பின்னர் வாய்த்தார். 1890ஆம் ஆண்டில் 'உறங்கும் அழகி' அரங்கேறியபோது சைக்கோவ்ஸ்கியும் பெத்திபாவும் ஒன்றுகூடினர். பெத்திபா முன்போலவே தாள அளவுகளைக் குறித்துக் கொடுத்தார். சைக்கோவ்ஸ்கி அக்கட்டுப்பாட்டை வெறுக்கவில்லை. வெண்பாவின் தளைக்குள் நின்று கவி பாடும் புலவன்போல் அதற்குள் தம் முழுத்திறமும் காட்டினார். நன்மை செய்யும் தேவதைக்கு ஓர் இசை, தீமை செய்பவளுக்கு ஓர் இசை என வகுத்து, நாடகம் முழுதும் அவ்விரண்டையும் போரிட வைத்தார். கண்ணை மூடிக்கொண்டிருப்பினும் கதை விளங்கும்.

1892ஆம் ஆண்டில் வந்த 'நட்கிராக்கர்' என்னும் பாலேயில் ஓரிடத்தை நம் மாணவர் அவசியம் கேட்டல் வேண்டும். ஒருவனும் ஒருத்தியும் இணைந்தாடும் பேராட்டத்தின் இசை, நம் சங்கராபரணத்தின் அவரோகணமே என்னலாம்: மேற்சட்சத்திலிருந்து கீழ்ச்சட்சம்வரை எட்டுச் சுரங்கள் படிப்படியாய் இறங்குகின்றன, வேறொன்றும் இல்லை. நம் பாடசாலைச் சிறுவன் சரளி வரிசையில் பாடும் அவ்வெளிய இறக்கம், வாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேரச்சேரக் கேட்போர் கண்ணீரை வருவிக்கின்றது. அதே நாடகத்தில், எஃகுத் தகடுகளைச் சிறு சுத்திகள் தட்ட மணியொலி எழுப்பும் 'செலஸ்தா' என்னும் புது வாத்தியத்தையும் இவர் புகுத்தினார். அதனைப் பாரிஸில் கண்ட இவர், தம் நாட்டின் பிற இசைவல்லார் அறியுமுன் தாமே பயன்படுத்தல் வேண்டுமென்று, மறைவாக வரவழைக்கும்படி தம் பதிப்பாளர்க்கு எழுதினாராம். பாலே இசையில் புதுமைக்குப் போட்டி எழுந்துவிட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

1893இல் சைக்கோவ்ஸ்கி காலமானார். 1895ஆம் ஆண்டில் பெத்திபாவும் அவருடைய துணைவர் இவானவும் 'அன்னப் பொய்கை'யைப் புதிதாய் அமைத்தனர். இசையுணர்வு மிக்க இவானவ் அமைத்த பொய்கைக் காட்சிகளாலேயே அந்நாடகம் இன்று உலகெங்கும் வாழ்கின்றது. பதினெட்டாண்டு காத்திருந்த இசைக்கு ஆடல் வந்து சேர்ந்தது. இயற்றியவர் காண இருந்திலர்.

வாணவேடிக்கையும் நெருப்புப் பறவையும்

இனி வரும் செய்தி நம் பகுதி மாணவர்க்குத் தனி இன்பம் தருவது. ஸ்ட்ராவின்ஸ்கி என்னும் இளைஞர், தம் ஆசிரியர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் மகள் திருமணத்தை ஒட்டி, 1908ஆம் ஆண்டில் 'வாணவேடிக்கை' என்றொரு சிறிய வாத்திய இசையை யாத்தார். நான்கு நிமிஷ அளவே உடையது. குழலும் வயலினும் சங்குசக்கரம்போற் சுழன்று தொடங்க, கொம்புகள் இடைபுகுந்து எழ, இறுதியில் அனைத்தும் ஒருங்கே வெடித்து ஓய்கின்றன. சிவகாசியில் திரி பின்னும் தொழிலாளி, எந்த வெடி முதலில், எது பின்னர், இடையே எத்துணை நேரம் என்பதைத் திரியின் நீளத்தால் அளந்து வைக்கின்றான் அன்றோ? அவ்வளவையும் ஒழுங்கையும் இவ்விளைஞர் ஓசையில் வைத்தார்.

1909ஆம் ஆண்டில் பீட்டர்ஸ்பர்க்கில் இதனைக் கேட்டவர்களுள் டயாகிலெவ் என்பார் ஒருவர். இவர் ஆடுபவருமல்லர், இசைப்பவருமல்லர்; ஆயினும் ஆற்றலுடையாரைக் கண்டறிந்து ஒன்றுசேர்க்கும் பேராற்றல் வாய்ந்தவர். அவ்வாண்டே ருஷிய நடனக் குழுவைப் பாரிஸுக்கு அழைத்துச் சென்று புகழ் நாட்டினார். 'நெருப்புப் பறவை' என்னும் புதிய பாலேக்கு இசை வேண்டியிருந்தது. மூத்தவர்பால் அது கைகூடாமற்போகவே, இருபத்தேழு வயதினரான ஸ்ட்ராவின்ஸ்கியிடம் அப்பணியை ஒப்படைத்தார். இசையாசிரியரும் ஆடலாசிரியர் போக்கீனும் அருகருகே அமர்ந்து காட்சிகாட்சியாக வகுத்தனர். 1910ஆம் ஆண்டில் பாரிஸில் அது அரங்கேறியபோது ஸ்ட்ராவின்ஸ்கியின் பெயர் உலகறிந்ததாயிற்று. அந்த நான்கு நிமிஷ வாணவேடிக்கையை 1917ஆம் ஆண்டில் ரோமாபுரியில் டயாகிலெவ் அரங்கேற்றினார் என்பதும் குறிக்கத்தக்கது. ஆடுவோர் ஒருவரும் இலர். பால்லா என்னும் ஓவியர் அமைத்த உருவங்களின்மேல் பலநிற விளக்கொளியே இசைக்கேற்ப ஆடியது.

1911ஆம் ஆண்டின் 'பெத்ருஷ்கா'வில் ஸ்ட்ராவின்ஸ்கி பீட்டர்ஸ்பர்க் திருவிழாச் சந்தையையே அரங்கிற்குக் கொணர்ந்தார். தெருப் பாட்டும் பொம்மலாட்டக் கொட்டும் பெரும் வாத்தியக் குழுவில் இடம்பெற்றன. 1913ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் அரங்கேறிய 'வசந்த வேள்வி'யோ பெருங் குழப்பத்தையே விளைத்தது. ஓரடியில் ஐந்து, மற்றோரடியில் ஏழு என்றாற்போலத் தாளம் அடிக்கடி மாறியது. காண்போர் எழுப்பிய கூச்சலில் ஆடுவோர்க்கு இசை கேளாமற்போகவே, ஆடலாசிரியர் நிஜின்ஸ்கி திரைமறைவில் நாற்காலிமேல் ஏறி நின்று எண்களை உரக்கக் கூவினார். ஆடுவோர்க்கு அத்தாளத்தைக் கற்பிக்கவே தனியே ஓர் ஆசிரியை வேண்டியிருந்தது.

இச்செய்தியைப் படிக்கும் தமிழ் மாணவனுக்கு ஒன்று தோன்றாமற் போகாது. கண்டமும் மிச்ரமும் நமக்குப் புதியனவல்ல. திரைமறைவில் ஒருவர் நாற்காலிமேல் ஏறிச் செய்த பணியை நம் அரங்கில் நட்டுவனார் அனைவரும் காண அமர்ந்து, கையில் தாளமும் நாவில் சொற்கட்டுமாக அன்றாடம் செய்கின்றார். நம் தாளம் ஒரு வட்டத்தில் நிலைத்து நிற்க, அதன்மேல் கணக்குகள் மாறும்; அவர்களுடையதில் வட்டமே மாறியது. இவ்வேற்றுமை உண்டெனினும், எண்ணுதலும் ஆடுதலும் ஒன்றே என்னும் உண்மை இரண்டிடத்தும் பொது.

டயாகிலெவ் 1929இல் மறைந்தபின்னும் நெறி தொடர்ந்தது. புரோக்கோபியெவ் இயற்றிய 'ரோமியோவும் ஜூலியட்டும்' ஆடுதற்கு இயலாததென முதலில் ஒதுக்கப்பட்டு, 1938ஆம் ஆண்டில் செக் நாட்டிலும் 1940ஆம் ஆண்டில் லெனின்கிராடிலும் அரங்கேறி நிலைபெற்றது. அமெரிக்கா சென்ற பாலன்ஷீன் ஓர் இசையாசிரியரின் மகன். தாமும் இசை பயின்றவர். 1928 முதல் 1957 வரை ஸ்ட்ராவின்ஸ்கியும் அவரும் கூடிச் செய்த பாலேக்களில் தலைமை, துணை என்னும் வேறுபாடே மறைந்தது.

நம்மிடத்து நிலை

ருஷியர் முயன்று பெற்ற இவ்விணைப்பு நம்மிடத்தில் பிறவியிலேயே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வரும் வர்ணம் இயற்றினர். அதற்கு அடவும் அமைத்தனர். அலாரிப்பு முதல் தில்லானா ஈறாக இன்று ஆடப்படும் முறையை ஒழுங்குசெய்தவர் அவர்களே. ஒருவரே இசையாசிரியரும் ஆடலாசிரியருமாதலின் ஒருவர்க்கொருவர் ஏவலென்பது எழவில்லை. பாலசரசுவதி அம்மையார் ஆடிக்கொண்டே பாடியதைக் கண்டவர், இசையும் ஆடலும் ஓருடலில் நின்றதைக் கண்டவராவர். நம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் அரையர் சேவை கண்டாரும் இதனை உணர்வர்: ஒரே அரையர் கையில் தாளமேந்திப் பாடுகின்றார், அபிநயிக்கின்றார், பொருளும் உரைக்கின்றார்.

இவ்விணைப்பு தளர்ந்த காலத்தில் ருஷியாவிலிருந்தே ஒரு தூண்டுதல் வந்தது வியப்பன்றோ? 'லா பாயதேர்' நாடகத்தில் நிக்கியாவாக ஆடிப் புகழ்பெற்ற அன்னா பவ்லோவா இந்தியாவுக்கு வந்தார். 1923ஆம் ஆண்டில் உதயசங்கரைத் துணைக்கொண்டு இராதை கிருஷ்ணர் ஆட்டம் முதலியவற்றை அரங்கேற்றியவரும் அவரே. அவருடைய நட்பைப் பெற்ற ருக்மிணி தேவி அம்மையார் அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே பயின்றார். ஆயினும் உன் நாட்டுக் கலையை நாடுக என்று பவ்லோவா அவரைத் திருப்பிவிட்டார். அம்மையார் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து பயின்று, 1935ஆம் ஆண்டில் மேடையேறி, 1936ஆம் ஆண்டில் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார்.

அங்கு அவர் செய்ததை ஊன்றிக் காணல் வேண்டும். பாலேயினின்று மேடையொழுங்கும் ஒளியும் குழுவமைப்பும் கொண்டார்; இசைக்கோ அயலாரை நாடவில்லை. டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற பெரும் வித்துவான்களை அழைத்து, நாட்டிய நாடகங்களுக்கெனப் புதிதாக இசையமைக்கச் செய்தார். 1944ஆம் ஆண்டில் குற்றாலக் குறவஞ்சி வந்தது. 1955 முதல் 1970 வரை இராமாயணம் ஆறு பகுதிகளாய் வளர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலைவியின் கதையும் 'ஆண்டாள் சரித்திர'மாய் மேடையேறியது. அளவெடுத்துத் தைக்கும் தையற்காரரை அவர் தேடவில்லை. தமக்கு ஒத்தாரையும் மிக்காரையும் தேடினார். அதுவே அவர் வெற்றிக்குக் காரணமென்பது எம் துணிபு.

நாம் செய்யத்தக்கது

இன்று நம் பள்ளி கல்லூரி விழாக்களில் ஆடல்கள் பலவாகப் பெருகியுள்ளன. இசையோ பெரும்பாலும் பிறர் பிறிதொன்றிற்காகப் பதிவுசெய்து வைத்ததே. ஆடுவோர் அதற்கேற்பக் காலை அசைக்கின்றனர். மின்கஸ் ஆடலுக்கு ஏவல் செய்தார். இங்கே ஆடல் பதிவுப் பெட்டிக்கு ஏவல் செய்கின்றது. இரண்டும் ஒரு குறையின் இரு முகங்களே.

வழியில்லாமல் இல்லை. தேவராட்டத்தின் கொட்டு நம் வட்டாரத்திலேயே ஒலிக்கின்றது. பாட்டின்றிக் கொட்டொன்றினாலேயே கால்களை நடத்தும் ஆட்டம் அது. சந்தைப் பாட்டைப் 'பெத்ருஷ்கா'வாக்கியவர்க்கு அது கிடைத்திருப்பின் விட்டிருப்பாரோ? பொருளுக்கும் குறைவில்லை. 1927ஆம் ஆண்டில் புரோக்கோபியெவின் இசையோடு டயாகிலெவ் ஓர் ஆலையையே மேடையேற்றினார். சக்கரமும் சம்மட்டியும் தொழிலாளரும் அதன் பாத்திரங்கள். நம் ஊர்களில் தீப்பெட்டி அடுக்கும் கையும் திரி பின்னும் விரலும் நாள்தோறும் ஒரு தாளத்தில் இயங்குகின்றன. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த தீயில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிறர் வீட்டுத் தீபாவளிக்கு ஒளி செய்து கொடுப்போரின் உழைப்பையும் துயரையும் சொல்ல ஓர் ஆடல் நாடகம் இதுகாறும் நம் கல்லூரி மேடைக்கு வந்ததில்லை. அதற்குரிய இசையை வெளியூரார் பதிந்து தரமாட்டார்.

1922ஆம் ஆண்டளவில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, அதனை இம்மண்ணின் தொழிலாக்கினர். ருஷியர் பிரெஞ்சுக்காரரிடம் கற்றதும், ருக்மிணி தேவி அம்மையார் ருஷியக் குழுவினரிடம் கற்றதும் அவ்வகையினவே. கற்பது எங்கும் ஆகலாம்; ஆக்குவது ஈண்டு ஆதல் வேண்டும். ஆடத் தெரிந்த மாணவியும், கொட்டத் தெரிந்த மாணவனும், பாட்டெழுத வல்ல ஒருவரும் அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் ஒரு மாதம் ஓரறையில் அமர்வாராயின், இளங்கோவடிகள் எண்ணிய அறுவரில் மூவர் கிடைத்துவிட்டனர் என்று யாம் மகிழ்வோம். மற்றை மூவரைத் தேடித் தருதல் ஆசிரியராகிய எம் கடன்.